டெல்டாவில் சின்னக் கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறீர்களா? வளாகத்தையும் வழியையும் பழகிக்கொள்ளும் முறை

சேர்க்கைக் கையேட்டில் நூலகம், விடுதி, மைதானம், கேன்டீன், கணினி ஆய்வகம் என்று வசதிகள் ஒரு பக்கம் முழுக்க இருக்கும். அவை கல்லூரியில் இருக்கவும் செய்யும். ஆனால் சின்னக் கலைக் கல்லூரியில் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் திறக்கும், ஒவ்வொன்றின் சாவியும் ஒருவரிடம்தான் இருக்கும். அந்த நேரமும் அந்த ஆளும் தெரியாமல் மூன்று வருஷம் படித்து முடித்துப் போகிறவர்கள் நிறையப் பேர். முதல் பதினைந்து நாளிலேயே இதையெல்லாம் தெரிந்துகொண்டால் அப்புறம் படிப்பில் கவனம் வைக்கலாம்.

சேரும் முன்பே ஒருமுறை நேரில்

டெல்டாவில் கல்லூரி இருக்கும் இடம் ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூர் மன்னர் சரபோஜி அரசுக் கல்லூரி புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கிறது. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியும் திருவையாறு அரசர் கல்லூரியும் காவிரிக் கரையில் இருக்கின்றன. மன்னம்பந்தல், பூண்டி, மேலையூர், பொறையாறு போன்ற இடங்களில் வயலுக்கும் சாலைக்கும் நடுவே கல்லூரி. அங்கே கடைசிப் பஸ்ஸை விட்டால் உட்கார ஒரு டீக்கடைதான் மிச்சம். உங்கள் கல்லூரி இதில் எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

பார்க்கப் போகும்போது வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். படிக்கும்போது எத்தனை மணிக்குக் கிளம்புவீர்களோ அதே நேரத்துக்குக் கிளம்பிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷத்தில் போகும் பஸ், திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும். கும்பகோணத்தில் ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் அருகருகே இருக்கின்றன. அங்கிருந்து காவிரிக் கரைக்குப் போக ஊரின் கடைத்தெருக்களைத் தாண்ட வேண்டும். முகூர்த்த நாளில் அந்தத் தூரத்தை வரைபடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் வடவாறு, வெட்டாறு, வெண்ணாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றுப் பாலம் ஏறி இறங்க வேண்டும். ஒரு பாலத்தில் லாரி நின்றுவிட்டால் முதல் வகுப்பு போய்விடும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது ஒரு விஷயத்தில். விண்ணப்பம் போடும் மே மாதத்தில் ஆறு வறண்டு கிடக்கும். எதிர்க்கரையில் வீடோ விடுதியோ பார்த்தால், மணலில் இறங்கி நடந்தே கல்லூரிக்குப் போய்விடலாம் போல இருக்கும், ஊர்க்காரர்களும் அப்படித்தான் நடந்துகொண்டிருப்பார்கள். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. திறந்த சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து ஓடும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ நீங்கள் வகுப்புக்கு வரும்போது அந்த மணல் பாதை தண்ணீருக்கடியில் இருக்கும். அருகில் இருக்கும் பாலம் எது, அதைச் சுற்றிப் போக எவ்வளவு நேரம் என்று பார்த்துவிட்டு அறைக்கு அட்வான்ஸ் கொடுங்கள். சில வருஷங்களில் மேட்டூர் திறப்பு தாமதமாகும். அந்த வருஷம் ஆகஸ்டில்கூட திடீரென்று தண்ணீர் வரும்.

பஸ், ரயில், சைக்கிள்

அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அரசு பஸ்ஸில் வீட்டிலிருந்து கல்லூரி வரை போய்வர இலவசப் பயண அட்டை உண்டு. விண்ணப்பத்தைக் கல்லூரியில்தான் வாங்கிக் கொடுப்பார்கள். 'எங்கிருந்து' என்ற இடத்தில் கிராமத்தின் பெயரை எழுதிவிட்டு விடாதீர்கள், பஸ் ஏறும் நிறுத்தத்தின் பெயரை அப்படியே எழுதுங்கள். இடையில் பஸ் மாற வேண்டியிருந்தால் மாறும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். அது விடுபட்டால் அட்டை பாதி வழிக்குத்தான் செல்லும். அட்டை கைக்கு வரச் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் பஸ் காசை ஒதுக்கி வையுங்கள். டெல்டா ஊர்களில் தனியார் பஸ் நிறைய ஓடுகிறது, அதில் இந்த அட்டை செல்லாது. உங்கள் வழியில் காலை எட்டு மணிக்கு வருவது அரசு பஸ்ஸா தனியாரா என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே மாணவிகளும் பயண அட்டை வாங்கி வைப்பது நல்லது.

ஏறும்போதே கண்டக்டரிடம் "அண்ணே, காலேஜ் ஸ்டாப்புல நிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். எக்ஸ்பிரஸ், பாயின்ட் டு பாயின்ட் என்று ஓடும் பஸ்கள் சின்ன நிறுத்தத்தில் நிற்காது. பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் இறக்கிவிட்டால் திரும்பி வர இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும்.

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகவும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகவும் ரயில் இருக்கிறது. நேரம் பொருந்தினால் ரயிலை முதலில் பாருங்கள், மழையிலும் திருவிழாவிலும் அதுதான் காப்பாற்றும். மாணவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் சலுகை உண்டு. பட்டப்படிப்பு முடிக்கும் வரை மாணவிகளுக்கு வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் கட்டணமில்லாமலே கிடைக்கிறது. இது பலருக்குத் தெரியாது. கல்லூரி அலுவலகத்தில் அதற்கென்று உள்ள சான்றிதழை முதல்வர் கையெழுத்துடன் வாங்கி ஸ்டேஷன் கவுன்டரில் கொடுக்க வேண்டும். சீசன் டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறினால் அபராதம்.

பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை விற்றுவிடாதீர்கள். கிராமத்திலிருந்து மெயின் ரோடு வர அதைவிட நல்ல வண்டி இல்லை. நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லி நிழலில் பூட்டி வைக்கலாம். ஆனால் டெல்டாக் களிமண் வண்டல் பசை மாதிரி ஒட்டும். மழை பெய்த வரப்புப் பாதையில் நூறடி உருட்டினாலே மண் மட்காடுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. ஒரு தட்டையான மூங்கில் பட்டையைக் கேரியரில் செருகி வையுங்கள். சக்கரத்தைப் பின்பக்கமாக உருட்டிக்கொண்டே சுரண்டினால் சீக்கிரம் வந்துவிடும், முன்பக்கமாக உருட்டினால் இன்னும் இறுகும். அறுவடை நேரத்தில் சாலையோரம் நெல் காயும், வைக்கோலும் பரப்பிக் கிடக்கும். அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் பின்னால் வருகைப் பதிவு இருக்கிறது. தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாளுக்கு மேல் விட முடியாது. பஸ் தாமதத்தில் போகும் முதல் மணி நேரங்களும் இந்தக் கணக்கில்தான் விழும். சில அரசுக் கலைக் கல்லூரிகளில் இரண்டு சுழற்சியாக வகுப்பு நடக்கும். மதியச் சுழற்சி கிடைத்தால் காலையில் நெருக்கடி இல்லை, சாயங்காலம் இருட்டியபின் உங்கள் கிராமத்துக்குக் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் பிரச்சினை. சேரும்போதே அதைக் கேட்டுவிடுங்கள்.

முதல் வாரம்: காலால் அளந்து பாருங்கள்

ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வளாகத்தைக் கோடாக வரைந்துகொள்ளுங்கள். மூன்று முறை சுற்றுங்கள்: காலை வகுப்புக்கு முன், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடைசி மணி அடித்த பிறகு. ஒரே இடம் மூன்று நேரத்தில் மூன்று மாதிரி இருக்கும்.

முதலில் தண்ணீர். சுத்திகரிப்பு இயந்திரம் எந்தக் கட்டடத்தில், மதியம் ஒரு மணிக்கு அதில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், மேல்தொட்டி காலியாகும், அதோடு குடிநீரும் கழிப்பறைத் தண்ணீரும் சேர்ந்தே நின்றுபோகும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கும் நாளில் வீட்டிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்துவாருங்கள். பூம்புகார், தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரக் கல்லூரி என்றால் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடத்தில் உப்பு, முகம் கழுவ மட்டும்தான் ஆகும்.

அடுத்து கழிப்பறை. மாணவிகள் இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. பெண்கள் ஓய்வறை எங்கே, சாவி யாரிடம், நாப்கின் கிடைக்குமா, எரியூட்டி வேலை செய்கிறதா என்று துறையில் இருக்கும் பேராசிரியையிடம் முதல் வாரமே கேளுங்கள். தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டுமே என்று நாள் முழுக்கக் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வசதி சரியில்லை என்றால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டு, தேதி போட்டு, முதல்வருக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். முத்திரை பட்ட தாளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கேன்டீனில் காலை இடைவேளைக்கு டீ, வடை, போண்டா கிடைக்கும். மதியத்துக்குக் கலவைச் சாதம் அளவாகத்தான் போடுவார்கள், மணி அடித்துக் கால் மணி கழித்துப் போனால் தீர்ந்திருக்கும். விடியற்காலை கிளம்பி வருகிறவர்கள் கட்டிக்கொண்டு வந்துவிடுவது உத்தமம். தயிர்சாதமும் மாவடுவும் மதியம் வரை கெடாது. தேங்காய்ச் சட்னி சித்திரை, வைகாசி வெயிலில் தாங்காது.

நூலகம்

சின்னக் கல்லூரியில் மிக மதிப்புள்ள வசதி இது, மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். பொது நூலகம் ஒன்று, அது தவிர ஒவ்வொரு துறையிலும் பூட்டிய கண்ணாடி அலமாரியில் துறை நூலகம் ஒன்று இருக்கும். பாடநூல்களும் முந்தைய வினாத்தாள்களும் பெரும்பாலும் துறை அலமாரியில்தான் இருக்கும். துறைத்தலைவரிடம் சொல்லிப் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம்.

நூலக அட்டைக்கு அடையாள அட்டை வரும்வரை காத்திருக்காதீர்கள். கட்டண ரசீதும் இரண்டு புகைப்படமும் கொண்டுபோய் முதல் வாரமே கேளுங்கள். முதலாண்டுக்கு ஒரு சமயத்தில் இரண்டு அல்லது மூன்று நூல் தருவார்கள். வாங்கும்போது கவுன்டரிலேயே நின்று நூலைப் புரட்டுங்கள். பக்கம் கிழிந்திருந்தாலோ, யாராவது படத்தை வெட்டியிருந்தாலோ, அட்டை கழன்றிருந்தாலோ அப்போதே நூலகரிடம் காட்டி, பின் அட்டையில் ஒட்டிய தேதிச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். "சார், 41ஆம் பக்கத்துல இருந்து நாலு பக்கம் இல்ல" என்று அன்றைக்குச் சொன்னால் குறித்துக்கொள்வார். திருப்பிக் கொடுக்கும் நாளில் சொன்னால் கிழித்தது நீங்கள் என்றாகிவிடும், புதுப் பிரதி வாங்கித் தர வேண்டியிருக்கும். இப்போது அச்சில் இல்லாத நூல் என்றால் அது பெரிய தொல்லை.

நிறையக் கல்லூரிகள் என்-லிஸ்ட் என்ற மின்நூல் சேவையில் உறுப்பினர். இன்ஃபிலிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக மையம் நடத்தும் அந்தச் சேவையில் ஆய்விதழ்களையும் மின்நூல்களையும் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே படிக்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். உங்கள் பெயர், சேர்க்கை எண், மின்னஞ்சல் மூன்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி நூலகரிடம் கொடுங்கள். தமிழ் இலக்கியம், வரலாறு படிக்கிறவர்களுக்கு அரசின் தமிழ் இணைய மின்நூலகம் கட்டணமில்லாமல் பழைய நூல்களைத் திறந்து வைத்திருக்கிறது.

கல்லூரியில் இல்லாததை ஊர் கொடுக்கும். மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகத்திலும் உறுப்பினர் ஆகுங்கள், சிறிய வைப்புத்தொகைதான். போட்டித் தேர்வு நூல்கள் கல்லூரியைவிட அங்கே அதிகம். தஞ்சாவூர் அரண்மனையில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. ஓலைச்சுவடியும் பழைய பதிப்பும் தேடுகிறவர்கள் அடையாள அட்டையோடு துறைத்தலைவரின் கடிதத்தையும் கொண்டுபோனால் பேச்சு சுலபமாக முடியும். அங்கே உட்கார்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. முதுகலை போகிறவர்களுக்குத் தமிழ்ப் பல்கலைக்கழக நூலகமும் பக்கத்தில் இருக்கிறது.

அலுவலகம்

கவுன்டர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சுவரில் ஒட்டியிருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இவற்றின் நகல் ஆறு செட், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் பத்து, தனித்தனி உறையில் போட்டு வையுங்கள். அசலைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் இருபக்கமும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். பின்பக்கம் முத்திரை குத்த வேண்டிய சான்றிதழை அது பாழாக்கிவிடும்.

உதவித்தொகைக்கும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய்க்கும் யூமிஸ் எண், அதாவது அரசின் உயர்கல்வி மாணவர் பதிவு எண், வேண்டும். அதைக் கல்லூரிதான் பதிவு செய்யும். பணம் வராமல் போக இரண்டு காரணம் அடிக்கடி வருகிறது. ஒன்று, ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் பட்டியலில் பின்னால். இன்னொன்று, ஆதார் வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ பணம் அதற்குத்தான் போகும். வங்கிக் கிளையில் போய் "ஆதார் சீடிங் எந்தக் கணக்குல இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

விடுதியும் அறையும்

கல்லூரிக்குச் சொந்த விடுதி இல்லாவிட்டாலும் ஊரில் அரசு மாணவர் விடுதி இருக்கும். பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் வேண்டும், மாணவிகளுக்கு இந்தத் தூர விதி பொருந்தாது. பெற்றோர் வருமானத்துக்கு உச்சவரம்பு உண்டு. உணவும் தங்குமிடமும் இலவசம். விண்ணப்பத்தை விடுதிக் காப்பாளரிடம் நேரில் வாங்குங்கள். இடம் குறைவு, வகுப்பு தொடங்கிய பிறகு போனால் காத்திருப்போர் பட்டியலில்தான் பெயர் விழும்.

தனியாக அறை எடுப்பதானால் தரைத்தளத்தைத் தவிர்ப்பது நல்லது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் சுவரில் பழைய ஈரக்கோடு எந்த உயரத்தில் என்று பாருங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை அந்தக் கோடே சொல்லும். சுண்ணாம்பு புதிதாக அடித்திருந்தால் கதவின் அடிப்பகுதியைப் பாருங்கள், மரம் ஊறி உரிந்திருக்கும்.

மழை நாட்கள்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முதல் பருவத்தின் பிற்பகுதியும் தேர்வும் இதற்குள்தான் வரும். விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பார், அது அந்த மாவட்டத்துக்கு மட்டும். டெல்டாவில் இது சிக்கலாகிவிடும். கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம். அங்கே படிக்கிறவர்கள் திருவாரூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்தும், 2020இல் தனியாகப் பிரிந்த மயிலாடுதுறை மாவட்டத்திலிருந்தும் வருவார்கள். உங்கள் வீடு இருக்கும் மாவட்டத்தில் லீவு விட்டாலும் கல்லூரி திறந்திருந்தால் வருகைப் பதிவு ஓடும். கல்லூரி இருக்கும் மாவட்டத்தின் அறிவிப்பைப் பாருங்கள். 'பள்ளிகளுக்கு மட்டும்' என்றிருக்கிறதா 'பள்ளி, கல்லூரிகளுக்கு' என்றிருக்கிறதா என்று இரண்டு முறை படியுங்கள். வழியில் பாலமோ சாலையோ மூழ்கி வர முடியாமல் போனால் அன்றே வகுப்பு ஆசிரியருக்குச் செய்தி அனுப்பிவிடுங்கள். மறுநாள் விண்ணப்பமும் எழுதிக் கொடுங்கள்.

புத்தகப் பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை நிரந்தரமாக இருக்கட்டும், ரெக்கார்டு நோட்டுக்கு. தாழ்வான வளாகத்தில் தேங்கிய தண்ணீரில் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். வயல் நீர் ஏறினால் பாம்பு மேட்டுக்கு, அதாவது கட்டடப் பக்கம், வரும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் போனையும் டார்ச்சையும் சார்ஜ் போட்டுவிட்டு, தேர்வுக் கட்டணம், விண்ணப்பம் என்று இணையத்தில் செய்ய வேண்டியதைக் கடைசித் தேதி வரை இழுக்காமல் முடித்துவிடுங்கள்.

ஆற்றங்கரைக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீச்சல் தெரிந்தாலும் கல்லூரி நேரத்தில் ஆற்றில் இறங்காதீர்கள். மணல் எடுத்த பள்ளங்கள் மேலிருந்து பார்த்தால் தெரியாது, முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியே ஆளுயரம் இருக்கும். தஞ்சாவூர் ஊருக்குள் ஓடும் புது ஆற்றில் இழுப்பு அதிகம், கரை செங்குத்து, பிடித்து ஏற ஒன்றும் இல்லை. படித்துறையில் உட்கார்ந்து படிக்கலாம். பாசி பிடித்த கீழ்ப்படிகளுக்கு இறங்க வேண்டாம்.

மற்றவை

மைதானத்தில் விளையாட உடற்கல்வி இயக்குநர் அறையில் கையெழுத்துப் போட்டுப் பந்தும் மட்டையும் வாங்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் கிராம முகாமும் இருக்கும். அந்த முகாமில்தான் பக்கத்துக் கிராமங்களை உள்ளபடி பார்ப்பீர்கள். நடக்கச் சிரமப்படும் மாணவர்கள் சேர்ந்தவுடனே, வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித்தரும்படி மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலோடு முதல்வருக்கு எழுதுங்கள். சின்னக் கல்லூரியில் லிஃப்ட் இருக்காது, ஆனால் அறையை மாற்றுவது ஒரு நாள் வேலை. யாராவது ராகிங் என்று தொந்தரவு செய்தால் கல்லூரிக் குழுவிடமும், யுஜிசியின் 1800-180-5522 எண்ணிலும் சொல்லலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

நூலகம், துறை அலமாரி, ஆய்வகம், விளையாட்டு அறை, விடுதி என்று எங்கே எதை வாங்கினாலும் திருப்பிக் கொடுத்த அன்றே பதிவேட்டில் உங்கள் பெயரை அடிக்கிறார்களா என்று பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் 'நோ டியூஸ்' படிவத்தில் இந்த ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டால்தான் மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரும். முதலாண்டில் கொடுத்த கைப்பந்து ஒன்று பதிவேட்டில் அடிபடாமல் இருந்தால், அந்த ஒரு கையெழுத்துக்காகத் திரும்பத் திரும்பப் பஸ் ஏறி வர வேண்டியிருக்கும்.